மூணு வருஷக் கணக்கு: நெருக்கடி நேரத்தில் அரசை நம்புவது என்றால் என்ன?

எங்கள் வளவில் பாகம் பிரித்தபோது எங்களுக்கு வந்த அறையில் ஒரு பெட்டகம் இருக்கிறது. அதற்குள் இருந்த வெள்ளிச் சாமான்கள் எந்தக் காலத்திலோ போய்விட்டன. மிச்சம் இருப்பது கரையான் கொஞ்சம் விட்டுவைத்த பேரேடுகள், கயிறு போட்டுக் கட்டின கடிதங்கள், ஐயாவின் சம்பளச்சீட்டு. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: செட்டிநாட்டில் எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம், தாத்தாவை ஐயா என்போம்.

போன மாதம் தங்கச்சி மகள் வந்திருந்தாள். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மான், அரசின் மீதான பொது நம்பிக்கைன்னு பாடத்துல ஒரு தலைப்பு. ஜனங்களுக்கு அரசாங்கத்தைப் பிடிச்சிருக்கான்னு பாக்குறதுதானே அது?"

இல்லை என்று சொல்லத் தெரிந்தது. ஏன் இல்லை என்று சட்டென்று சொல்ல வரவில்லை. எழுந்துபோய் அந்தச் சம்பளச்சீட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

ஒரே பக்கம். மேலே 'உ'. அதற்குக் கீழே 'சிவமயம்'. அப்புறம் தமிழ் வருஷம், மாதம், தேதி. கீழ்ப் பர்மாவில் முதலாளி வைத்திருக்கும் வட்டிக்கடைக்கு ஐயா ஏஜெண்டாகப் போய் மூன்று வருஷம் இருந்து பார்க்க வேண்டியது. சம்பளம் இவ்வளவு, அதில் முன்பணம் இவ்வளவு. கணக்கைத் தவறாமல் ஊருக்கு அனுப்ப வேண்டியது. தவணை முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டியது. இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

முதலாளி இருந்தது தேவகோட்டையில். கடை இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம். பணம் முழுக்க முதலாளியுடையது, அதைக் கையாளும் அதிகாரம் முழுக்க ஏஜெண்டுடையது. யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த நிலத்தை ஈடாக வாங்குவது, யாருக்கு வாய்தா தள்ளிப் போடுவது எல்லாம் அவர் முடிவு. கப்பலில் கடிதம் போய் பதில் வருவதற்குள் அங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் செட்டிநாட்டின் பெரிய வீடுகள் எழும்பின. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் பேசப்படுகிற அளவுக்கு இந்த ஒற்றைத் தாள் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலாளிக்கு ஏஜெண்டைப் பிடித்திருந்ததா என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பிடிக்காத ஏஜெண்டை நம்பி மூன்று வருஷம் கடையை விட்ட முதலாளிகளும் உண்டு. சொந்த மச்சினனைப் பிடித்திருந்தும் பெட்டிச் சாவியைக் கொடுக்காதவர்களும் உண்டு.

ஜனநாயகத்தில் நாம் முதலாளி, அரசு ஏஜெண்ட். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். சம்பளச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் அதற்குள் மூன்று சங்கதி இருப்பது தெரியும். நான் பார்க்காத நேரத்திலும் இவர் எனக்காக வேலை பார்ப்பார். பார்க்காமல் தப்பு செய்தால் அது என் காதுக்கு வந்து சேரும். வந்து சேர்ந்தால் ஆளை மாற்ற என்னால் முடியும். முதலாவது மனிதரின் குணம். அடுத்த இரண்டும் ஏற்பாடு. பொது நம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான். முதலாவது மட்டும் இருந்தால் அது பக்தி. ராஜாவிடமும் அது இருந்திருக்கலாம்.

தமிழில் 'நாணயம்' என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மையும்கூட. வட்டிக்கடைக்காரர்களுக்கு இந்த இரண்டு அர்த்தமும் வேறு வேறாகத் தோன்றியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். 2002-ல் ஒனோரா ஓ'நீல் என்ற பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் பிபிசி வானொலியில் தொடர் சொற்பொழிவு ஒன்று ஆற்றினார். மக்களிடம் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்களே, நம்பத் தகுந்தவர் யார் என்று மக்கள் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று அல்லவா கேட்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், நாணயம் இருந்தால் கடன் தானாகக் கிடைக்கும்.

கைமாற்று

ஊர் நன்றாக இருக்கும்போது இதெல்லாம் சுலபம். வெள்ளம், தொற்று, போர், வங்கி திவால் என்று ஏதாவது வரும்போதுதான் சிக்கல். அப்போது அரசு நம்மிடம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்கும். வீட்டைவிட்டு வராதே என்கும். கடையைச் சாத்து என்கும். உன் உரிமையில் கொஞ்சத்தைக் கொஞ்ச நாளைக்கு என்னிடம் கொடு என்கும். கேட்பதில் தப்பில்லை. தீப்பிடித்த வீட்டில் நின்றுகொண்டு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுத முடியாது.

எங்கள் ஊரில் கைமாற்று என்று ஒன்று உண்டு. புரோநோட்டு இல்லை, ஜாமீன் இல்லை. "நாளைக் கழிச்சுத் தந்துர்றேன்" என்ற ஒரு சொல்லின் பேரில் கை மாறும் பணம். நெருக்கடியில் அரசு வாங்குவதும் கைமாற்றுதான். கைமாற்றுக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் மூன்று விஷயம் கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை: எதுக்கு, எவ்வளவு, எப்போ திரும்பும்.

பழைய ரோமாபுரிக்காரர்கள் இதை ஒரு பதவியாகவே வைத்திருந்தார்கள். ஆபத்து வந்தால் ஒருவரைச் சர்வாதிகாரியாக நியமிப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அவர் இருக்கக் கூடாது. பல நூறு வருஷம் அது ஒருவிதமாக ஓடியது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் 'ஆயுள் முழுக்க' என்று அதை மாற்றிக்கொண்டார். கைமாற்று வாங்கினவர் வீட்டையே எழுதிக்கொண்ட கதை. அவரைக் கொன்றார்கள், ஆனாலும் குடியரசு பிழைக்கவில்லை.

நம் நாட்டில் நடந்ததும் அதிகம் வித்தியாசமில்லை, முடிவுதான் வேறு. 1975 ஜூன் 25 இரவு உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தைச் சொல்லி நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். மத்திய அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். அன்றிரவு டெல்லியில் பல பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்புறம் தணிக்கை. கணக்கை ஊருக்கு அனுப்பும் தபால்காரரை முதலில் நிறுத்துவது என்பது இதுதான். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் காரணமில்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்கூட நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒன்று நீதிபதி எச்.ஆர். கன்னா. பணிமூப்பில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் ராஜினாமா செய்தார்.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது வேறொன்று. மக்களவையின் ஆயுள் ஐந்து வருஷம். 1976-ல் முடிந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் நீட்டினார்கள், அப்புறம் மறுபடியும் நீட்டினார்கள். 42-ஆவது திருத்தத்தில் ஐந்தை ஆறாகவே மாற்றினார்கள். ஏஜெண்ட் பர்மாவில் உட்கார்ந்துகொண்டு தன் சம்பளச்சீட்டில் 'மூன்று வருஷம்' என்பதைத் தானே அடித்து 'நாலு' என்று திருத்தி எழுதினால் தேவகோட்டை முதலாளி என்ன செய்திருப்பார்? அடுத்த கப்பலில் ஆள் ஏறியிருக்கும்.

நம் ஆள் 1977 மார்ச்சில்தான் கப்பலேறினார். தேர்தல் நடந்தது, ஆளுங்கட்சி தோற்றது, பிரதமரே ரேபரேலியில் தோற்றார். ஆனால் மக்கள் வெகுண்டு எழுந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது முழுக்கதை ஆகாது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸும் அதிமுகவும் சேர்ந்த கூட்டணிதான் பெருவாரியாக வென்றது. வடக்கில் கட்டாயக் கருத்தடையில் அடிபட்டவர்களின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நம்பிக்கை எல்லா ஊரிலும் ஒரே அளவில் உடையாது.

1978-ல் 44-ஆவது திருத்தம் வந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அது உண்மையில் கைமாற்றுக்குப் போட்ட பத்திரம். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வழவழ வார்த்தை போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது: எதுக்கு என்ற கேள்விக்குப் பதில். உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-ஆவது பிரிவையும் அதற்கு முந்தின 20-ஆவது பிரிவையும் எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது: எவ்வளவு என்பதற்குப் பதில். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஒப்ப வேண்டும், அமைச்சரவை எழுத்தில் முடிவெடுத்துக் கொடுக்க வேண்டும்: எப்போ, யார் சாட்சி என்பதற்குப் பதில். மக்களவையின் ஆயுள் மறுபடி ஐந்து வருஷம் ஆயிற்று.

கேட்க ஆள் இல்லாத இடம்

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. ஐயா கீழ்ப் பர்மாவில் ஒரு சிற்றூரில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி இல்லை, கப்பல் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு, நடப்பு வருஷப் பேரேட்டை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு மலை வழியாக நடந்தார். அந்த மாதங்களில் அப்படிப் பர்மாவைவிட்டு வந்த இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். நல்ல பாதை வெள்ளைக்காரர்களுக்கு, கெட்ட பாதை இந்தியர்களுக்கு என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

அந்தப் பிரிட்டிஷ் அரசு நெருக்கடியில் தடுமாறியது என்பது ஒரு பக்கம். ராணுவம் துரத்தும்போது யாரும் தடுமாறத்தான் செய்வார்கள். ஆனால் நடந்து வந்தவர்களில் ஒருவர்கூட அந்த அரசை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. அதனால் அவர்களுடைய கஷ்டம் அரசின் பேரேட்டில் பற்றாகவே ஏறவில்லை.

பர்மா விழுந்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதோடு போர்ச் செலவு, பதுக்கல், விலையேற்றம், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அரசே அப்புறப்படுத்திய நெல்லும் படகும். 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் 20 முதல் 30 லட்சம் வரை என்பார்கள். 'பஞ்சம்' என்ற சொல்லையே பயன்படுத்த அரசு தயங்கியது. ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவில் கிடந்தவர்களின் படங்களைப் போட்ட பிறகுதான் லண்டன் வரை சங்கதி எட்டியது.

சிறுவனாக அந்தப் பஞ்சத்தைப் பார்த்த அமர்த்தியா சென் பிற்பாடு சொன்னது: சுதந்திரமான பத்திரிகையும் முறையான தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. அங்கே ஆள்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. செய்தி வெளியே வந்துவிடும், வந்தால் பதவி போய்விடும். அந்தப் பயம் நெல் மூட்டையை நகர்த்தும். இதற்கு நேரெதிராகச் சீனத்தில் 1958-க்குப் பிறகு வந்த பஞ்சத்தைச் சொல்வார்கள். கீழிருந்த அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பி நெல்லை எடுத்துக்கொண்டார்கள். அரசு மக்களை ஏமாற்றியதோடு, தன் சொந்தக் கணக்கையே நம்ப முடியாமல் ஆனது. பொய்ப் பேரேடு முதலில் ஏமாற்றுவது அதை வைத்திருக்கிற கடையைத்தான்.

444

2020-க்கு வருவோம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. நெருக்கடி நிலை எதையும் அறிவிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம் இரண்டையும் வைத்து நடந்தது.

ஏப்ரலில் எங்கள் தெரு ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், அதோடு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய். டோக்கனில் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. முதல் நாள் நான் போனபோது வட்டங்களில் பாதிக்கு மேல் ஆள் இல்லை. ஒரு வட்டத்தில் ரப்பர் செருப்பு, அடுத்ததில் மஞ்சள் பை, அதற்கடுத்ததில் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு தூக்குச்சட்டி. அவற்றுக்கு உடையவர்கள் எல்லோரும் வேப்ப மர நிழலில் நெருக்கி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கடைப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆச்சி, வட்டத்துல செருப்பு நின்னா கொரோனா செருப்புக்கு வராதுல்ல!" ஆனால் ஒன்று. செருப்பின் வரிசையை யாரும் மாற்றவில்லை. டோக்கனில் போட்ட நேரத்துக்குக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து செருப்புகள் குறைந்து ஆட்கள் வட்டத்தில் நின்றார்கள். அறிவுரைக்காக அவர்கள் நின்றதாக நான் நினைக்கவில்லை. வரிசை ஏமாற்றாது என்று இரண்டு நாளில் பார்த்துவிட்டார்கள்.

வீட்டில் அப்பச்சி தினமும் மாலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சுகாதாரத் துறை சொல்லும் எண்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். மொத்தம், குணமானவர், இறந்தவர். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதின கை சும்மா இருக்காது. ஜூனில் முணுமுணுக்க ஆரம்பித்தார். "இது நேராகலையே தம்பி." சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கும் சாவுகள் மாநிலப் பட்டியலில் இல்லை என்று பத்திரிகைகளும் எழுதின. அரசு முதலில் மறுத்தது, அப்புறம் குழு போட்டது. ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 இறப்புகளை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள்.

மறுநாள் தெருவெல்லாம் "பாத்தியா, மறைச்சிருக்காங்க" என்றது. அப்பச்சி மட்டும் காலண்டர் தாளில் 444-ஐத் தனியாக எழுதி அடிக்கோடிட்டுவிட்டுச் சொன்னார்: "விட்டது தப்புதான். ஆனா ஐந்தொகை போடத் தெரிஞ்ச ஒருத்தன் உள்ள இருக்கான்."

ஐந்தொகை என்பது வரவு செலவு, பாக்கி எல்லாம் சேர்த்து எடுக்கும் முடிவுக் கணக்கு. அதில் பிழை வந்தால் பழைய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. இன்ன தேதியில் விட்டுப்போனது என்று எழுதி, இன்றைய தேதியில் சேர்க்க வேண்டும். எனக்கு அப்பச்சியோடு முழுச் சம்மதம் இல்லை. நாலு பேர் கத்தாமல் இருந்திருந்தால் அந்த 444 வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கத்த முடிந்தது, கத்தினது எடுபட்டது. நான் மேலே சொன்ன இரண்டாவது சங்கதி அதுதான்.

திருத்தாமல் விட்ட கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை அடுத்த வருஷம் பார்த்தோம். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பில் இறந்தார். மக்கள் நம்பின மனிதர், மரம் நடச் சொன்னால் நட்டார்கள். அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு சொன்னது, ஆனால் அக்டோபரில். நடுவில் இருந்த ஆறு மாதத்தை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. அப்போது எங்கள் தெருவில் ஊசி போட ஜனங்களைக் கூட்டிப்போனது தெரிந்த கிராம நர்ஸின் முகம். "அந்தப் புள்ள பொய் சொல்லாது." பெரிய கடைக்கு நாணயம் குறையும்போது பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் பையனின் நாணயத்தில் கடை ஓடும்.

இங்கே யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரடங்குக் காலத்தில் காரைக்குடிக்குக் கவுன்சிலரே கிடையாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் பார்த்தார்கள். அதாவது 2020-ல் ஆத்தங்குடிக்காரர் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று "தண்ணி லாரி வரலை"ன்னு சண்டை போடலாம். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் இருந்தவர்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவரை நாம் அனுப்பவில்லை, நம்மால் திரும்ப அழைக்கவும் முடியாது. அந்த வருஷம் அக்டோபர் 2-ல் நடக்க வேண்டிய கிராம சபைக் கூட்டங்களையும் தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். டாஸ்மாக் அப்போது திறந்துதான் இருந்தது.

நல்லதுக்குத்தான் செய்வாக

நம்பிக்கை அதிகமானால் நல்லதுதானே என்று தங்கச்சி மகள் கேட்டாள். எனக்கு 2016 நவம்பர் ஞாபகம் வந்தது. 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து வங்கி வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த நோட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தெரியாமல் சேர்த்தது. இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். வெயில் ஏற ஏற எல்லோரும் திட்ட, அவர் மட்டும் சொன்னார்: "நல்லதுக்குத்தான் செய்வாக."

அந்த ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கொடுத்தது கைமாற்று. கேள்வி, திரும்பி வந்ததா என்பது. கறுப்புப் பணம் வங்கிக்கு வராமல் அழிந்துபோகும் என்றார்கள். 2018-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில் 99.3 சதவீத நோட்டு திரும்ப வந்திருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறை செல்லும் என்று நான்குக்கு ஒன்றாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி நாகரத்னா மாறுபட்டு, இதை நாடாளுமன்றத்தின் வழியாகச் செய்திருக்க வேண்டும் என்று எழுதினார். இத்தனையும் நடந்தது பத்திரிகையில், டெல்லியில். வரிசையில் நின்ற ஆச்சியிடம் வந்து, 'நீங்கள் கொடுத்தது இன்னதுக்கு ஆயிற்று, இன்னது ஆகவில்லை' என்று சொன்னவர் யாருமில்லை. கணக்குக் கேட்காத முதலாளி இருக்கும் கடையில் ஏஜெண்டுக்கு எழுதும் பழக்கமே விட்டுப்போகும்.

கேட்பதைச் சந்தேகம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் அப்படி யாரும் நினைத்ததில்லை. கணக்கு அனுப்பச் சொன்னால் ஏஜெண்ட் கோபித்துக்கொண்டார் என்றால்தான் முதலாளிக்குச் சந்தேகம் வரும்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானா என்பதையும் ஜனங்கள் கவனிப்பார்கள். 2020 ஏப்ரலில் நியூசிலாந்தின் சுகாதார அமைச்சரே ஊரடங்கை மீறிக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார். தானே ஒப்புக்கொண்டார், அமைச்சரவை வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டார், ஜூலையில் பதவி விலகினார். அதே காலத்தில் பிரிட்டனில் பிரதமரின் தலைமை ஆலோசகர் ஊர்விட்டு ஊர் போனது மே மாதம் வெளியானபோது பிரதமர் அவரைத் தாங்கிப் பேசினார். அதற்கப்புறம் அரசு சொன்னதை மக்கள் நம்புவது குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரேஷன் வரிசையில் ஒருவர் மட்டும் டோக்கன் இல்லாமல் உள்ளே போய்விட்டால் மற்ற செருப்புகள் எல்லாம் நகர ஆரம்பிக்கும் இல்லையா, அதுதான்.

முழுக்க உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கொழும்பில் இன்றும் செட்டியார் தெரு என்று இருக்கிறது, எங்கள் பக்கத்துக் கோயில்களும் இருக்கின்றன. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டது, விவசாயிகள் சொன்னது காதில் ஏறவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது. ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். ஐந்து நாளில் அவர் ராஜினாமா செய்தார். 2024-ல் ஓட்டுப் போட்டு, அதுவரை ஆளாத ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மாளிகையின் நீச்சல் குளம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த ஓட்டு வரிசை.

"சரி அம்மான், இதுல நான் என்ன செய்யிறது?" என்றாள். தேர்வில் எழுத வேண்டியதைக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள், 30 நாளில் பதில் தர வேண்டும், உயிரையோ சுதந்திரத்தையோ தொட்ட விஷயம் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றேன். இந்தியா முழுமைக்கும் 2005-ல் வந்த இந்தச் சட்டத்துக்கு முன்பே, 1997-ல் இப்படி ஒன்றைப் போட்டது தமிழ்நாடு. கிராம சபையில் வரவு செலவை வாசிப்பார்கள், பாதிப் பேர் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போவார்கள். நீ எழுந்து போகாதே என்றேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் படித்திருக்கிறாள். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி நிற்கக் கூடாது, அவர்களுடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று இருப்பதைச் சொன்னேன். கி.பி. 919, 921. "உறவினர்களுமா?" என்று சிரித்தாள். அந்த ஒரு விதி இன்றைக்கு இருந்தால் எத்தனை சட்டமன்ற உறுப்பினர்கள் மிஞ்சுவார்கள் என்று இருவரும் எண்ணிப் பார்த்தோம்.

கிளம்பும்போது ஐயாவின் அந்தப் பேரேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். 1942-ல் நடந்து வந்து சேர்ந்தவர், காய்ச்சல் விட்டதும் திண்ணையில் உட்கார்ந்து விட்டுப்போன கணக்கை எழுத ஆரம்பித்தாராம். கடையே இல்லை, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று அப்பத்தா கேட்டாராம். பதில் சொல்லாமல் எழுதி முடித்து, தேவகோட்டைக்கு நடந்துபோய் முதலாளியிடம் கொடுத்து, பார்வை போட்டு வாங்கி வந்தார்.

கடைசிப் பக்கத்தில் வழிச்செலவு. அரிசி, உப்பு, படகுக்கூலி, சுமைக்கூலி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முதலாளியின் நீலப் பென்சில் குறி. ஓர் இடத்தில் மட்டும் குறி இல்லை. இரண்டு அணாச் செலவுக்கு நேரே 'இது எதுக்கு?' என்று அதே பென்சிலில் கேட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஐயாவின் மையில், சின்ன எழுத்தில்: 'கூட நடந்த பிள்ளைக்கு வெல்லம்.' அதற்குப் பக்கத்தில் நீலக் குறி.